தானாகச் சரியான பெடல்

ஒரு பொருள் கெட்டுப்போனால் மனுஷனுக்குக் கோபம் வரும். கெட்ட பொருள் தானாகச் சரியாகிவிட்டால்தான் சந்தேகம் வரும். ஸ்டீல்காரருக்கு வந்தது இந்த இரண்டாவது வியாதி.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்தது. ஆனால் இசைக்குழுவில் எல்லாருக்கும் அவர் ஸ்டீல்காரர்தான், ஏனென்றால் அவர் வாசித்தது பெடல் ஸ்டீல் கிட்டார். மேஜை மாதிரி நான்கு காலில் நிற்கும் வாத்தியம் அது. எதிரே உட்கார்ந்து ஒரு கையால் தந்தியை மீட்ட வேண்டும், மறு கையால் உருளை இரும்பை அதன்மேல் நகர்த்த வேண்டும். இடது காலும் சும்மா இருந்துவிட முடியாது. கீழே பெடல்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு மெல்லிய ராடால் வாத்தியத்தின் அடிவயிற்றோடு கோர்க்கப்பட்டிருக்கும். பெடலை முட்டுகிற வரை மிதித்தால் ராடு இழுத்து, தந்தி இறுகி, ஸ்வரம் ஏறும். அரைகுறையாக மிதித்தால் ஸ்வரமும் அரைகுறையாக நிற்கும், கேட்கிறவர்களுக்குப் பல் கூசும்.

ஒரு ஹோட்டல் கச்சேரியில் அப்படித்தான் கூசியது. முதல் பெடலை மிதித்தார், ஸ்வரம் போய்ச் சேரவில்லை. பாடகி பாடிக்கொண்டே திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் வாத்தியத்தைக் கவிழ்த்துப் போட்டு ராடு ராடாக ஆராய்ந்தார். வளைவு இல்லை, தேய்மானம் இல்லை, கொக்கியும் கழன்றிருக்கவில்லை. ஒன்றும் பிடிபடாமல் அப்படியே மூடி வைத்தார். அடுத்த கச்சேரியில் அதே பெடல் பட்டாக வேலை செய்தது. கொஞ்ச நாளில் மறுபடி இடக்கு பண்ணியது, மறுபடி தானாகவே குணமானது.

வாத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கும் பேய் எதுவும் உலகத்தில் கிடையாது என்பதில் அவருக்கு உறுதி இருந்தது. பேய் இல்லையென்றால் ஆள். ஆள் என்றால் மைத்துனன்.

மனைவியின் தம்பிதான் அந்த மைத்துனன். அதே குழுவில் சாதா கிட்டார் வாசிக்கிறவன், மாடி அறையில் குடியிருந்தான். வாத்தியத்தை வேனில் ஏற்றுவது, இறக்குவது, மேடையில் கால்களை மாட்டி நிறுத்துவது எல்லாம் அவன்தான். ஸ்டீல்காரர் தன்னைத் தவிர வேறு யாரையும் அதைத் தொட விட்டதில்லை, இவனைத்தான் விட்டார். விட்டதற்கு இப்போது தன்னையே திட்டிக்கொண்டார்.

ஒருநாள் சாயங்காலம் கடைக்குப் போய்த் திரும்பியபோது, முன்னறையில் வாத்தியத்துக்குக் கீழே இரண்டு நீளக் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"அங்க என்னடா பண்றே?"

"தூசி தட்றேன் மாமா."

தன் படுக்கை விரிப்பைக்கூட ஒருநாளும் உதறிப் போடாத பையன் தூசி தட்டுகிறானாம். ஸ்டீல்காரர் மனசுக்குள் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு வீட்டில் எதைப் பார்த்தாலும் முடிச்சாகத்தான் தெரிந்தது. அக்காவும் தம்பியும் சமையலறையில் குசுகுசுவென்று பேசுவார்கள். இவர் தலை தெரிந்தால் பேச்சு நின்று குழாய் திறக்கும். சாப்பாட்டுக்கு உட்காரும்போது மனைவி மெதுவாக ஆரம்பிப்பாள். "என்னங்க, ரெண்டு பாட்டுக்குத் தம்பி உக்காரட்டுமே. நீங்களும் கொஞ்சம் காலை நீட்டி உக்காரலாம்ல."

"எதுக்கு? நான் என்ன படுத்த படுக்கையாவா கிடக்கேன்?"

"சும்மா சொன்னேன்."

சும்மா சொன்னவளுக்குக் கண் ஏன் தட்டைப் பார்க்க வேண்டும்? ஓஹோ, குடும்பமே சேர்ந்து நம்மை ஓரங்கட்டுகிறது என்று அவர் தீர்மானித்துவிட்டார்.

கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். மனைவியின் அலமாரியிலிருந்து நிறமில்லாத நெயில் பாலிஷை எடுத்து, ஒவ்வொரு ராடும் நட்டும் சேரும் இடத்தில் ஒரு சொட்டு வைத்தார். யாராவது நட்டைத் திருகினால் பாலிஷ் விரிசல் விடும். இரண்டு கச்சேரி கழித்து டார்ச்சை அடித்துப் பார்த்தார். எல்லாச் சொட்டும் விரிசல் விட்டிருந்தது.

முதல் ராடைக் கழற்றினார். பல வருஷம் வெளியே இருந்து அழுக்கேறிக் கறுத்த மரை, இப்போது உள்ளே போய் ஒளிந்திருந்தது. அப்படியென்றால் யாரோ ராடைத் திருகித் திருகிச் சுருக்கியிருக்கிறார்கள். ராடு சுருங்கினால் பெடல் மேலே ஏறும். மைத்துனன் நெட்டை, அவன் பாதத்துக்குச் செருப்பு வாங்க ஊரெல்லாம் அலைய வேண்டும். கணக்கு நேராகிவிட்டது. நம் வாத்தியத்தில் திருட்டுத்தனமாகப் பழகுகிறான், பெடலைத் தன் காலுக்கு அளவெடுத்து ஏற்றிக்கொள்கிறான். நம் இடத்தில் எப்போது உட்காரப் போகிறான் என்பதற்கும் பதில் இருந்தது. வருகிற வெள்ளிக்கிழமை.

அன்றைக்கு ஒரு பெரிய இசையமைப்பாளரின் ஸ்டுடியோவில் அவருக்கு வாசிப்பு. இசையமைப்பாளருக்குப் பிடித்துப்போனால் இனி அவருடைய எல்லாப் பதிவுக்கும் ஸ்டீல்காரர்தான். ஹோட்டல் ஹோட்டலாகத் தட்டுச் சத்தத்துக்கு நடுவே வாசித்தே வயசு போய்விட்டது, தன் வாசிப்பை மனுஷர்கள் அமைதியாகக் கேட்க ஒரு இடம் கிடைக்காதா என்று ஏங்கிக் கிடந்தவர். அந்த நாற்காலியை இந்தப் பொடியன் தட்டிப் பறிக்கப் பார்க்கிறான். சோறு போட்டு வளர்த்த கையையே கடிக்கிறானே!

வெள்ளிக்கிழமை காலை கதவைத் தாழிட்டுக்கொண்டு எல்லா ராடையும் பழைய கறுப்பு எல்லை வெளியே தெரியும்வரை நீட்டினார். நட்டை இறுக்கினார், புதுச் சொட்டு வைத்தார், ஸ்பேனரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வேனில் பெட்டிமேல் கையை வைத்தபடியே வந்தார். ஸ்டுடியோவில் கால்களை அவரே மாட்டினார்.

"நான் மாட்டறேனே மாமா," என்றான் மைத்துனன். முகம் வெளிறியிருந்தது.

"நீ தள்ளி நில்லு."

கண்ணாடிக்கு அந்தப்புறம் இசையமைப்பாளர் கையசைத்தார். மெதுவான பாட்டு. முதல் வரி வழுக்கிக்கொண்டு போனது. இரண்டாவது வரியின் முடிவில் ஸ்வரம் ஏறிப் போய் உட்கார வேண்டும். மிதித்தார். ஏறியது, ஆனால் உட்காரவில்லை.

"சார், இன்னொரு தடவை," என்றது ஹெட்போன்.

இன்னொரு தடவையும் அதேதான்.

"அந்த இடம் கொஞ்சம் கீழயே நிக்குது சார்."

இவன் எப்போது புகுந்தான்? ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் குனிந்து டார்ச்சை அடித்தார். பாலிஷ் சொட்டு ஒவ்வொன்றும் கண்ணாடி மாதிரி அப்படியே இருந்தது. ஒரு மயிரிழை விரிசல்கூட இல்லை. காலையிலிருந்து அவர் கை படாத நேரமும் இல்லை. சந்தேகப்படுவதற்கு ஆள் தீர்ந்துபோய்விட்டது. அவருக்குப் பயம் வந்தது.

மைத்துனன் வந்து வாத்தியத்துக்குக் கீழே தரையில் உட்கார்ந்தான்.

"யாருடா கை வச்சது?" என்றார் அடிக்குரலில்.

"இன்னைக்கு யாரும் வைக்கல மாமா. அதான் இப்படி." டார்ச்சை வாங்கிப் பெடல்மேல் அடித்தான். "முதல் பெடல முட்ற வரைக்கும் மிதிங்க."

"மிதிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்."

"கீழ பாருங்க."

பார்த்தார். ஷூ பெடல்மேல்தான் இருந்தது. பெடல் பாதி வழியில் நின்றது. இன்னும் அழுத்தினார். தொடை நடுங்கியது, பெடல் நகரவில்லை. முட்டிவிட்டது என்றுதான் மனசு சொன்னது, கண் இல்லையென்றது. விரற்கடை அளவு ஏறியிருந்த பெடலில் இத்தனை நாள் வாசித்திருக்கிறார். நெயில் பாலிஷ் சொல்லித்தான் அவருக்கே தெரிந்தது. கால் சொல்லவே இல்லை.

மைத்துனன் அவர் ஷூவையும் சாக்ஸையும் கழற்றினான். "மேல பாருங்க மாமா. விரல் ஒவ்வொண்ணா அழுத்துவேன். அழுத்தும்போது சொல்லுங்க."

அவர் கூரையைப் பார்த்தார். காத்திருந்தார். விளையாடுகிறானா இவன்?

"ம், அழுத்து," என்றார்.

குனிந்தார். அவன் கண் நிறைந்திருந்தது.

"அழுத்திக்கிட்டுத்தான் மாமா இருக்கேன்."

ஸ்டீல்காரர் அவன் விரல்களைப் பார்த்தார். அவருடைய பெருவிரலைப் பிடித்திருந்த பிடியில் அவன் நகம் வெளுத்திருந்தது.

"உங்க அக்காவுக்குத் தெரியுமா?"

"அவதான் முதல்ல கண்டுபிடிச்சா. டாக்டர்னு சொன்னா நீங்க எரிஞ்சு விழறீங்க. கால் போச்சுன்னு தெரிஞ்சா வாசிக்கறதையே விட்டுடுவீங்கன்னு பயந்தா. அதான் கால் எவ்வளவு இறங்கலையோ அவ்வளவுக்குப் பெடல ஏத்திக்கிட்டே வந்தேன்."

வெட்கம் அவரைப் பிடித்து உலுக்கியது. திருடன் என்று நினைத்தவன் இத்தனை நாளும் தரையில் படுத்து, அவர் கால் விட்ட இடத்தையெல்லாம் ரகசியமாக நிரப்பிக்கொண்டு வந்திருக்கிறான்.

"என்ன சார், ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டது ஒலிபெருக்கி.

"ராடுதான் சார், இப்ப சரி பண்ணிடறேன்," என்று மைத்துனன் முந்திக்கொண்டான்.

ஸ்டீல்காரர் மைக்கை இழுத்தார். "ராடு நல்லாத்தான் சார் இருக்கு. கால்லதான் உணர்ச்சி இல்ல. பெடல மச்சான் ஏத்தி வைப்பான், அதுக்கப்புறம் வாசிக்கறேன். கேட்டுட்டு முடிவு பண்ணுங்க."

"ரெடியானதும் கை காட்டுங்க சார்," என்றார் இசையமைப்பாளர்.

ஸ்டீல்காரர் சட்டைப் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து நீட்டினார். மைத்துனன் மல்லாந்து படுத்து உள்ளே போனான். நட்டு இளகும் சத்தம் கேட்டது.

"பெடல் பாதத்துல பட்டதும் சொல்லுங்க மாமா," என்றான் பழக்க தோஷத்தில்.

"நீயே பாத்துச் சொல்லுடா," என்றார் அவர்.