தம்பியின் ரத்தம்

அண்ணனின் செருப்பைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துப் பையில் போட்டான் தம்பி. போர்வை, பிளாஸ்க், மூக்குக்கண்ணாடி எல்லாம் ஏற்கெனவே உள்ளே போய்விட்டன. டயாலிசிஸ் மெஷினை அணைத்திருந்தார்கள். காலையில் அது ஓடிக்கொண்டிருந்தபோதே அண்ணனின் மூச்சு நின்றுபோனது. உடம்பைப் பின்வாசலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அண்ணி அங்கேதான் இருந்தாள்.

நர்ஸ் வருவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று அவனுக்கு அவசரம்.

பஸ் ஓட்டிக்கொண்டிருந்த அண்ணன் இந்த மெஷினோடு மல்லுக்கட்ட ஆரம்பித்தபோது, சிறுநீரகம் தருகிறேன் என்று வாய் நிறையச் சொன்னவன் இவன்தான். ரத்தம், சிறுநீர் எல்லாம் சோதித்து, “உங்களோடது நல்லா வேலை செய்யுது, கொடுக்கலாம்” என்று டாக்டர் சொன்ன அன்று ஆபரேஷனுக்குப் பயந்துபோனான். வீட்டுக்கு வந்து, “எனக்கும் கிட்னி சரியில்லையாம், கிரியாட்டினின் ஏறியிருக்காம். எடுக்க முடியாதுன்னுட்டாங்க” என்றான்.

அண்ணன் தன் நோயை விட்டுவிட்டு இவன் நோயைப் பிடித்துக்கொண்டார். “உப்பைக் குறைடா. வலி மாத்திரை பக்கமே போகாதடா.” அண்ணன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் இவனுக்கும் உப்பில்லாமல் தனியாக வரும். குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டு எழுந்துவிடுவான்.

முந்தாநாள் துணைக்கு வந்த இடத்தில் அண்ணன் நர்ஸைக் கூப்பிட்டார். “இவனுக்கும் ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பாரும்மா. பயந்தாங்கொள்ளி, தானா போக மாட்டான்.” தப்ப வழியில்லை. கையை நீட்டினான்.

“தம்பிதானே நீங்க?” நர்ஸ் வந்தே விட்டாள். “உங்க டெஸ்ட் காலையிலயே வந்துடுச்சு. யூரியா, கிரியாட்டினின் எல்லாம் நார்மல்.”

பையின் ஜிப்பை இழுத்தான். பாதியில் மாட்டிக்கொண்டது.

“அண்ணன்கிட்ட சொன்னீங்களா?”

“வந்ததும் அதத்தான் கேட்டாரு. சொன்னேன். ஏறியிருந்தது இவ்ளோ சுத்தமா இறங்கிடுமான்னாரு. அவ்ளோ லேசுல இறங்காது சார், முன்னாடியும் நல்லாத்தான் இருந்திருக்கும்னேன்.”

“என்ன சொன்னாரு?”

“அவன் நல்லா இருந்தா சரிம்மான்னாரு. வீட்ல யாருக்கும் சொல்ல வேணாம்னாரு. நல்ல சேதிதானே, ஏன் சார்னேன். கண்ண மூடிக்கிட்டாரு.” சற்றுத் தயங்கினாள். “உங்ககிட்ட சொல்லலாம்ல?”

தலையாட்டினான். ஜிப்பை அப்படியே விட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினான்.

பின்வாசலில் வண்டி வந்து நின்றிருந்தது. ஸ்ட்ரெச்சரைச் சுற்றி வண்டி டிரைவரும், அண்ணனோடு பஸ்ஸில் ஓடிய கண்டக்டரும், இன்னும் இரண்டு பேரும். இவன் பையைக் கீழே வைத்துவிட்டுத் தலைமாட்டுக்குப் போய்க் கம்பியைப் பிடித்தான்.

அண்ணி வந்து அவன் முழங்கையைத் தொட்டாள். அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

“நீங்க விடுங்க தம்பி. உங்க உடம்புக்கு ஆகாது. அவரு இருந்தா தூக்க விடுவாரா?”

அவன் வாயைத் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்தான்.

“ஆமாப்பா, நீ தள்ளிக்க” என்று கண்டக்டர் வந்து கம்பியை வாங்கிக்கொண்டார்.

அவன் கையை எடுத்தான். நாலு பேரும் தூக்கினார்கள். தலைப்பக்கம் ஒரு கணம் தாழ்ந்து, பிறகு சமனானது. வண்டியின் கதவு தானாகச் சாத்திக்கொள்ளப் பார்த்தது. அவன் போய் அதைப் பிடித்துக்கொண்டு நின்றான்.