விளைவு குறிப்பிடப்படவில்லை

என் தம்பியின் வேலையைக் காப்பாற்ற இருந்தது ஒரே ஒரு வரிதான். அவன் நிரல் எழுதும் கணினி மொழியின் விதிப்புத்தகத்தில் அதைத் தேடிப் பிடித்தவள் நான்.

ஆம்புலன்ஸ் அனுப்பும் மென்பொருள் அவன் எழுதியது. முகவரிப் பட்டியல் போடும்போது ஒரு முகவரி புரியாவிட்டால், அந்த இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு மீதியை ஓட்டுநர்களுக்கு அனுப்பிவிடும். விவரம் தெரிந்ததும் அதே இடத்துக்குத் திரும்பி, அங்கிருந்து தொடரும். எங்கள் தொழிலில் இதற்குத் 'தொடர்ச்சி' என்று பெயர். வருடக்கணக்கில் ஒழுங்காக ஓடியது. போன மாதம், நிரலைக் கணினிக்குப் புரியவைக்கும் கம்பைலரை அலுவலகத்தில் மாற்றினார்கள். பழைய கம்பைலரில், நிரல் அந்த இடத்துக்குத் திரும்பி வந்தால் புதுப் பட்டியல் போடும். புதியதிலோ, ஓட்டுநர் கையில் ஏற்கெனவே இருந்த பட்டியலையே மாற்றி எழுதிவிட்டது. வண்டி வேறு தெருவுக்குப் போனது. மூச்சுத் திணறிக்கொண்டிருந்த ஒரு பெண் வண்டி வராமலே இறந்துபோனாள்.

விசாரணையில் தம்பி வாயே திறக்கவில்லை. திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமாம். நான்தான் புத்தகத்தை விரித்து வாசித்தேன். தொடர்ச்சிக்கு இரண்டாம் முறை திரும்பினால் முதல் பட்டியல் மாறுமா, மாறாதா? "விளைவு குறிப்பிடப்படவில்லை." விதி எழுதிய மேதாவிகள் எல்லாம் கூடிக் கூடிப் பேசி, கடைசியில் கையை விரித்திருக்கிறார்கள்.

"அப்போ கம்பைலர் பண்ணதும் சரி, இவர் எழுதினதும் சரி," என்றார் விசாரணை அதிகாரி. "யார் மேலயும் தப்பு இல்ல. ஃபைலை மூடிடலாம்."

எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

வெளியே நடைவழியில், இறந்தவளின் கணவர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். "என்னம்மா சொன்னாங்க?"

"யார் தப்பும் இல்லைன்னுட்டாங்க சார்."

"அது எப்படிம்மா? அவ செத்துப் போயிருக்கா." கைகளைப் பிசைந்தார். "திட்றதுக்காவது எனக்கு ஒரு ஆள் வேணாமா?"

தம்பியின் கையைப் பிடித்து இழுத்தேன். "வாடா, போலாம்."

அவன் நகரவில்லை. "என் தப்புதாங்க," என்றான். "விதியில அப்படி உறுதியா சொல்லலைன்னு எனக்கு முன்னாடியே தெரியும். ஓடுதேன்னு விட்டுட்டேன்."

கதவருகே வந்த அதிகாரி அதைக் கேட்டார். மூடிய ஃபைலை மறுபடி திறந்தார்.

பைத்தியக்காரா என்று அவனை அறையலாம் போலிருந்தது எனக்கு. அதற்குள் இறந்தவளின் கணவர் அவனைத் திட்டத் தொடங்கிவிட்டார். காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. தம்பி அசையாமல் நின்றான். திட்டி முடித்த பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது.