நஸ்ரியாவின் கட்டைக் குரல்

நஸ்ரியாவுக்குப் பிறவியிலேயே கட்டைக் குரல். சின்ன வயதில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் டீச்சர் அவளைப் பாடம் வாசிக்கச் சொன்னபோது, பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி, "வாட்ச்மேன் வந்துட்டாரு" என்றாள். வகுப்பே சிரித்தது. டீச்சரும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அதற்குப் பிறகு நஸ்ரியா வகுப்பில் வாய் திறப்பதில்லை. தலையாட்டுவாள், முடியாவிட்டால் எழுதிக் காட்டுவாள்.

பக்கத்தில் உட்காரும் லோகப்பிரியா, சூலூர்ப் பக்கம் தோட்டத்துக்காரர் மகள், ஒருநாள் கேட்டாள். "நேத்து ஏன் புள்ள வல்ல?"

நஸ்ரியா துண்டுத் தாளில் எழுதி நீட்டினாள். 'மழை எங்கள் வீட்டுக்குக் குடிவந்தது. நாங்கள் கட்டிலுக்குக் குடிபோனோம்.'

லோகப்பிரியா அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். "இது கவிதைடி."

"ஊட்டுக்குள்ள தண்ணி வந்துருச்சுன்னு சொன்னேன், அவ்வளவுதான்" என்று நஸ்ரியா அவள் காதருகே முணுமுணுத்தாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. நஸ்ரியா எழுதுவாள். பாட்டு கற்றுக்கொண்டிருந்த லோகப்பிரியா தேன் மாதிரிக் குரலில் மேடையில் வாசிப்பாள். எழுதியவர் நஸ்ரியா, வாசிப்பவர் லோகப்பிரியா என்று மறக்காமல் இரண்டு பெயரையும் சொல்லுவாள். பள்ளி விழாக்களில் கைதட்டல் விழும்போதெல்லாம் நஸ்ரியா கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு சந்தோஷப்படுவாள்.

பிளஸ் டூ படிக்கும்போது ஆர்.எஸ்.புரத்தில் மாணவிகளுக்கான கவிதைப் போட்டி வந்தது. நஸ்ரியா இந்தத் தடவை தன் அம்மாவைப் பற்றி எழுதியிருந்தாள். உக்கடத்தில் அவர்கள் வீட்டின் முன்பகுதிதான் அத்தா சிக்கந்தரின் பட்டறை. பகல் முழுக்கத் தகரப் பெட்டி அடிக்கும் சத்தம். உள்ளே சமைத்துக்கொண்டே அம்மா சாஜிதா பேகம் எதைச் சொன்னாலும் கத்தித்தான் சொல்ல வேண்டும்.

லோகப்பிரியா மேடையேறினாள். வழக்கமான இனிமையோடு தொடங்கினாள்.

'தகரம் அதிரும் வீட்டில்
சோறு வெந்ததையும்
என் அம்மா கத்தித்தான் சொல்வாள்.'

அந்தக் குழைந்த குரலில் 'கத்தித்தான்' என்ற சொல் வேடிக்கையாகக் கேட்டது. முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். லோகப்பிரியா தடுமாறி அதே வரியை மறுபடி வாசித்தாள். அரங்கமே சிரித்தது.

இரண்டாவது வரிசையில் இருந்த நஸ்ரியாவுக்கு உடம்பெல்லாம் சுட்டது. தன்னைப் பார்த்துச் சிரித்தபோது அவள் பொறுத்துக்கொண்டாள். இப்போது சிரிப்பது அம்மாவைப் பார்த்து. எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"சிரிக்கறதுக்கு எழுதுனது இல்லீங்க அது."

அரங்கம் திரும்பிப் பார்த்தது. போட்டியை நடத்திய லட்சுமிநாராயணன் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "யாருங்க அது? பசங்க உள்ள வரக்கூடாதுன்னு சொல்லியிருந்தமே?"

"பசங்க இல்லீங்க, நாந்தான். எழுதுனது நானுங்க."

மேடையிலிருந்த லோகப்பிரியா தாளை அவள் பக்கம் நீட்டினாள். "வா, நீயே படி."

நஸ்ரியா மேடையேறினாள், ஆனால் தாளை வாங்கவில்லை. மைக்கைப் பிடித்து முதலிலிருந்து சொன்னாள். அதே வரிகள் அந்தக் கரகரத்த குரலில் வந்தபோது யாரும் சிரிக்கவில்லை.

'என் காய்ச்சலுக்கு அழுதபோதும்
அவள் கத்தித்தான் அழுதாள்.
கோபக்காரி என்று சொல்லிப் போகிறவர்களே,
இத்தனை சத்தத்தைத் தாண்டி
அன்பு வேறு எப்படி வரும்?'

பரிசு கிடைக்கவில்லை. ஒரு கவிதையை இருவர் வாசித்தால் விதிப்படி செல்லாது என்று லட்சுமிநாராயணன் வருத்தத்தோடு சொன்னார். வெளியே வந்து ஆளுக்கொரு தேங்காய் பன் வாங்கிக்கொண்டார்கள்.

"என்மேல கோவமாடி?" என்றாள் லோகப்பிரியா.

"இல்ல புள்ள. நீ படிக்கறப்ப எங்கம்மா வேற யாரோ மாதிரி ஆயிட்டாங்க."

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. நடுவுல எப்படி நிறுத்தறதுன்னு தெரியல. நீ எந்திரிச்சது நல்லதாப் போச்சு." பன்னைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். "இனி நான் படிக்கமாட்டேன். முன்னால உக்காந்து கைதட்டுவேன். அது எனக்கு நல்லா வரும்."

வீட்டுக்கு வந்ததும் நடந்ததை எல்லாம் லோகப்பிரியாவே சாஜிதாவிடம் சொல்லிவிட்டாள்.

"என்னையப் பத்தியா எழுதுன? ஏனுங்க, நான் அவ்வளவு கத்தறனா?" என்று சாஜிதா பட்டறைப் பக்கம் கேட்டாள்.

"இதுக்கு மட்டும் என்னையக் கூப்பிடாதே" என்றார் சிக்கந்தர் அங்கிருந்தே.

"சொல்லு கண்ணு, கேக்கலாம்" என்றாள் சாஜிதா மகளிடம்.

நஸ்ரியா சொன்னாள். அழுத வரி வந்ததும் சாஜிதா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எரிந்துகொண்டிருந்த ஸ்டவ்வைக் கூட்டினாள், குறைத்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பக்கத்தூட்டு இஸ்மத் மட்டும் என்னவாம்? அவ சத்தம் டவுன்ஹால் வரைக்கும் போகும். அவளையும் சேத்து எழுது" என்றாள்.

"அது வேற கவிதைம்மா."

அடுத்த வாரமே அதையும் எழுதினாள். பள்ளி ஆண்டு விழாவில் தானே மேடையேறி வாசித்தாள். சாஜிதாவும் இஸ்மத்தும் வந்திருந்தார்கள். பாதிக் கவிதையில் இஸ்மத் நாற்காலியிலிருந்து எழுந்து, "அது நாந்தானுங்க" என்று கூட்டத்துக்கே அறிவித்தாள். நஸ்ரியா சிரிப்பு அடங்கும்வரை மைக் முன்னால் நின்று, தானும் சிரித்து, மீதியை வாசித்தாள்.