இரண்டு டப்பாப் பொடி

என் வீட்டுக்காரருக்குக் கட்டடங்களில் மேல்தளப் பூச்சு வேலை. நாள் முழுக்க அண்ணாந்து, வலது கையைத் தலைக்கு மேல் தூக்கியே பிழைக்கிறவர். அந்தத் தோளில், தசையை எலும்போடு கட்டி வைக்கிற தசைநாண் நைந்துபோயிருப்பதாக ஸ்கேனில் தெரிந்தது. கை போனால் பிழைப்பே போச்சு. வேறு வேலை அவருக்குத் தெரியாது. அதே சாரத்தில் கூட நிற்கும் நெட்டைக்கும் அதே கோளாறு.

இரண்டு பேரையும் ஓர் ஆராய்ச்சியில் சேர்த்துக்கொண்டார்கள். ஆளுக்கொரு டப்பா. சிலருடையதில் கொலாஜன் என்கிற புரதப் பொடி, சிலருடையதில் வெறும் மாவு.

"யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது," என்றார் டாக்டரம்மா. "கொலாஜன் தசைநாணுக்கு உதவுமான்னு இன்னும் உறுதியாகல. சின்னச் சின்ன ஆய்வுதான் நடந்திருக்கு. ஆனா பயிற்சியை மட்டும் ரெண்டு பேரும் விடவே கூடாது. அதுல பலன் உண்டுன்னு தெரியும்."

இரண்டு பேரும் நேராக என் சமையலறைக்கு வந்தார்கள். இரண்டு டப்பாவையும் பெரிய பாத்திரத்தில் கொட்டி, கரண்டியால் கிளறி, சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

"நல்லது யாருக்கு வந்திருந்தாலும் ஆளுக்குப் பாதி. ஒருத்தன் மட்டும் ஏமாறக்கூடாதுல்ல அண்ணே?" என்றான் நெட்டை.

"ஆராய்ச்சி உருப்பட்ட மாதிரிதான்," என்றேன். சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. உடன்பிறந்தவர்கள்கூட இப்படிப் பங்குபோட மாட்டார்கள்.

நெட்டை சாப்பாட்டு வேளையில் தண்ணீர் கேனைத் தூக்கிப் பயிற்சி செய்தான். இவர் கேலி பேசினார்.

"நாள் பூரா கையைத் தூக்கிட்டுத்தானே நிக்கிறேன்? இதுக்கு மேல என்னடி பயிற்சி?"

சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது. பொடியை மட்டும் ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. வலி பாதி போய்விட்டது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்தத் தைரியத்தில் ஒரு நாள், நிறைந்த கலவை வாளியை வலது கையாலேயே சாரத்துக்கு மேலே இழுத்தார். அங்கேயே அலறி உட்கார்ந்துவிட்டார்.

"முழுசா அறுந்து உள்ள சுருங்கிடுச்சு. தச்சாலும் நிக்காது," என்றார் டாக்டரம்மா. பொடியைக் கலந்த கதையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. பேனாவை மூடி வைத்தார்.

நெட்டை பார்க்க வந்தான். அவன் கை நன்றாகத்தான் இருந்தது. கட்டிலில் கிடந்தவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல பொடியை நீ எடுத்துக்கிட்டு, மாவை என் தலையில கட்டிட்டேல்ல?"

"அண்ணே, கலந்துதானே எடுத்தோம்? பிரிச்சது உங்க கைதானே?"

இவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நெட்டை மேல் ஒரு பிழையும் இல்லை. என் கண்ணெதிரில் நடந்தது. எதை விட்டதால் இந்தக் கதி என்று எனக்குச் சந்தேகமும் இல்லை. ஆனால் நெட்டை ஏமாற்றினான் என்பதுதான் இப்போது இவருக்கு மிச்சமிருக்கிற ஒரே பிடி. அதையும் பிடுங்கிவிட்டால், தன் கையைத் தானே கெடுத்துக்கொண்டதை நினைத்தபடி எப்படிக் கிடப்பார்?

அடுத்த வாரம் நெட்டை மறுபடி வந்தான். கதவைப் பாதி திறந்து, மறித்து நின்றேன்.

"நல்ல பொடியை எடுத்துக்கிட்ட இல்ல? இனிமே இங்க வராத தம்பி," என்றேன், உள்ளே கேட்கும்படி சத்தமாக.