ஆயர் மகுடத்தில் குடியிருந்த தேனீக்கள்

ஆஸ்பர்ட் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்ட அன்று, அவர் பிறந்த வீட்டின் எட்டு வைக்கோல் கூடைகளிலும் இருந்த தேனீக்கள் கிளம்பி, முப்பது மைல் பறந்து, பேராலயத்துக்குள் நுழைந்து அவருடைய மகுடத்தில் குடியேறின. அந்த வருடம் ஹெர்ரிங் மீன் மலிவு.

இதில் வியக்க ஒன்றுமில்லை. எங்கள் குடும்பத்தில் பிறப்போ இறப்போ பதவியோ, எது வந்தாலும் பொழுது சாய்வதற்குள் தேனீக்களிடம் சொல்லிவிட வேண்டும். வீட்டுச் சாவியால் கூடையை மூன்று முறை தட்டி, தலை வணங்கிச் சொல்ல வேண்டும். செய்தியைக் கேட்டவை ஆளைப் பார்க்கப் போயின, அவ்வளவுதான். தந்தை வால்டர் சாவியையும் மகனுக்கே கொடுத்தனுப்பினார்.

அந்த மகுடத்து மெழுகில் பொய் ஒட்டாது என்று தெரிந்ததும் மன்னர் ஆஸ்பர்ட்டைத் தலைமை அமைச்சராக்கி, அரச முத்திரையை ஒப்படைத்தார். பொய்ப் பத்திரத்தில் இட்ட மெழுகு தண்ணீராக ஓடியது. மெய்ப் பத்திரத்தில் கல்லாக இறுகியது. பதினோரு ஆண்டுகளில் இரண்டு கோட்டைகளும் மன்னரின் வலப்பக்க இருக்கையும் அவருக்கு வந்து சேர்ந்தன. பிரபுக்கள் அவர் முன் மெதுவாகப் பேசினார்கள். பாதி மரியாதை, பாதி தேனீ கொட்டிவிடுமோ என்ற பயம். தவக்காலந்தோறும் ஒரு பொதி மெழுகு அக்கா அவிஸுக்குப் போகும். ஊர்க் கோவிலில் ஈஸ்டருக்கு ஏற்றும் பாஸ்கா மெழுகுவர்த்தியைத் தருவது ஐந்து தலைமுறையாக எங்கள் வீட்டு உரிமை. ஒரு வருடம் தவறினாலும் அது மாவு ஆலைக்கார ஹாமண்ட் வீட்டுக்குப் போய்விடும்.

பன்னிரண்டாம் ஆண்டு தவக்காலத்தில் வால்டர் இறந்தார். அவிஸின் கடிதம் வந்தபோது ஆயர் இளவரசியின் திருமண ஒப்பந்த வேலையில் இருந்தார். படித்தார், அழுதார். பிறகு மகுடத்தைப் பார்த்து, "நாளைக்குச் சொல்லிக்கலாம்" என்று எழுத்தரிடம் முணுமுணுத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

விடிந்தபோது மகுடம் காலி. கடையில் வாங்கிய மெழுகில் ஒப்பந்தத்துக்கு முத்திரையிட்டார்கள், மன்னரின் உருவம் முகமில்லாமல் பதிந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஊருக்குத் திரும்பினார்கள். முத்திரை போயிற்று, கோட்டைகள் போயின, ஆயர் பதவியும் போயிற்று. அவர் கழுதையில் ஏறி வீடு வந்தார் என்று சிலர் சொல்வது பொய். அது கோவேறு கழுதை.

"வாங்க ஆயரே," என்றாள் அவிஸ் வாசலில். "கோட்டையெல்லாம் எங்க, பைக்குள்ள இருக்கா?"

"சாவி மட்டும்தான்க்கா இருக்கு."

"அத வச்சு எதத் தெறக்கப் போற? கூடையில ஒரு பூச்சி இல்ல. நீ அனுப்புற மெழுகும் வரல. பாஸ்காவுக்கு ஒம்பது நாள்தான் இருக்கு. ஹாமண்ட் பொண்டாட்டி இப்பவே திரி முறுக்குறாளாம்! அஞ்சு தலைமுறைப் பேருடா தம்பி."

ஆஸ்பர்ட் நேரே கொல்லைக்குப் போய் முதல் கூடையை மூன்று முறை தட்டி, தலை வணங்கினார்.

"அப்பா செத்துட்டாரு. அன்னைக்கே சொல்லியிருக்கணும். எனக்கு வேலை பெருசாப் போச்சு."

ஏழு கூடைகளிடம் இதையே சொன்னார். எட்டாவதிடம் சொல்லி முடிக்கும்போது கல்லறைத் தோட்டத்துப் பக்கமிருந்து தேனீக்கள் வந்தன. கால்களில் புது மண். இத்தனை நாளும் அவை வால்டரின் குழிமேட்டில் துக்கம் காத்திருக்கின்றன. எட்டுக் கூடைகளையும் நிரப்பியது போக மிஞ்சியவை ஆஸ்பர்ட்டின் மழித்த தலையில் உட்கார்ந்துகொண்டன.

"இந்த மகுடம்தாண்டா ஒனக்குப் பொருந்துது," என்றாள் அவிஸ்.

ஒன்பது நாளில் ஆளுயர மெழுகுவர்த்திக்குப் போதுமான மெழுகு சேர்ந்தது. வார்த்து எடுத்தபோது அதன் அடியில் அரச முத்திரை இருந்தது, மன்னரின் முகம் தெளிவாக. யாரும் பதிக்கவில்லை. நாங்கள் அதைப் பெரிதுபடுத்தாமல், அந்தப் பக்கம் தரையில் படும்படி நிறுத்தினோம்.

ஆஸ்பர்ட் அதன்பின் பத்தொன்பது ஆண்டுகள் வாழ்ந்தார். தினமும் மாலையில் கூடைகளிடம் அன்றைய மழை, வெயில், அக்காவின் முட்டிவலி எல்லாம் சொன்னார், நன்றாகத் தூங்கினார். அந்த மெழுகுவர்த்தி இன்னும் ஓர் அங்குலமும் குறையவில்லை. வருடத்துக்கொரு முறை திரியை மட்டும் மாற்றுகிறோம். ஹாமண்ட் வீட்டார் காத்திருக்கிறார்கள்.