ஐந்தாவது விரல்

சேறு அடுக்கடுக்காகப் படிந்து இறுகிய கல்லைப் பலகை பலகையாகப் பிளந்து விற்கும் பட்டறை அது. பிளந்த பலகைகளைத் தரம் பார்ப்பவளை அங்கே எல்லோரும் ‘கழுகு’ என்றுதான் கூப்பிடுவார்கள். மயிரிழை விரிசல்கூட அவள் கண்ணுக்குத் தப்பாது. கட்டியவன் கைகழுவிவிட்டுப் போனபின் அக்கா வீட்டில் ஒண்டியிருந்தாள். வேலையும் பட்டறையில் மேஸ்திரியாக இருந்த அத்தான் வாங்கிக் கொடுத்ததுதான். வாரத்துக்கு ஒருமுறையாவது அவர் அதைச் சொல்லிக்காட்டுவார்.

ஒருநாள் காலை, சாய்ந்த வெயிலில் ஒரு பலகையைப் பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கட்டைவிரல் அகலத்தில் மங்கலான பள்ளங்கள். இடது, வலது, இடது, வலது. நடுவே வால் இழுபட்ட கோடு. எப்போதோ எதுவோ சேற்றில் நடந்துபோயிருக்கிறது.

“கல்லுல எதுடி நடக்கும்?” என்று அத்தான் சிரித்தார்.

அவள் அருங்காட்சியகத்துக்குக் கடிதம் போட்டாள். வியாழக்கிழமை ஆய்வாளர் வருவதாகப் பதில் வந்ததும் பட்டறையே தலைகீழானது. முதலாளி சுவருக்கு வெள்ளையடித்தார். அத்தான் பார்த்தவர்களிடமெல்லாம், “நம்ம வீட்டுப் பொண்ணு கண்டுபிடிச்சது” என்றார். இடையிலிருந்த மூன்று நாளும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

வந்த ஆய்வாளர் அம்மா மண்டியிட்டுப் பூதக்கண்ணாடியால் பார்த்தார். மலர்ந்த முகம் மெல்ல வாடியது.

“தவளைக்கெல்லாம் முப்பாட்டன் மாதிரிம்மா இது. தண்ணியிலயும் தரையிலயும் வாழ்ந்தது. இந்த வகைக்கு முன்னங்கால்ல நாலு விரல்தான். இங்க அஞ்சு இருக்கே, யாரு செதுக்கினது?”

அவள் குனிந்து பார்த்தாள். நேற்றுவரை மங்கலாக இருந்த பள்ளங்களின் ஓரம் இப்போது கூராக இருந்தது. உளி பட்ட இடத்தின் வெள்ளை இன்னும் மாறவில்லை. நிமிர்ந்து அத்தானைப் பார்த்தாள்.

“எனக்கென்னங்க தெரியும்? பார்த்தது, கழுவினது, எழுதிப் போட்டது எல்லாம் இவதான்” என்றார் அவர்.

“நான் உளியைத் தொடவே இல்லைம்மா.” சொல்லும்போதே குரல் நடுங்கியது. பொய் சொல்பவளின் குரல் போலவே இருந்தது.

“இதுக்கு மேல ஒட்டியிருந்த பலகை எங்க? அதுல இதே கால் புடைப்பா பதிஞ்சிருக்குமே?”

அது போன வாரமே மெருகேறி யாருடைய குளியலறைக்கோ போய்விட்டிருந்தது.

“ஒரு கால் பொய்னா மத்த காலையும் யாரும் நம்ப மாட்டாங்க” என்று எழுந்தவர், கொடுத்த தேநீரைத் தொடாமலே போனார்.

“மானத்தை வாங்கிட்டியே” என்றார் முதலாளி. மறுநாளிலிருந்து அவளுக்குப் பலகை கழுவும் வேலை.

வீட்டில் அத்தானிடம் நேராகவே கேட்டாள். அவர் மறுக்கவில்லை.

“கண்ணுக்கே தெரியலை. வர்றவங்க முன்னாடி நீ அசிங்கப்படக் கூடாதேன்னு கொஞ்சம் எடுப்பாக்கினேன். காலுன்னா அஞ்சு விரல்தானே?”

“அதை அங்கேயே சொல்லியிருக்கலாமே?”

“சொல்லி, என் வேலை போனா இந்த வீட்டுக்கு யாரு சோறு போடறது? நீயா?”

அடுப்படியில் அக்கா முகம் கொடுக்காமல் பேசினாள். “சட்டைப் பை பூரா கல்பொடி. துவைக்கும்போதே நினைச்சேன். விடுடி, கல்லுதானே.”

“எனக்குன்னு அது ஒண்ணுதானேக்கா இருந்துச்சு.”

அக்கா தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள். பசி இருந்தது. அவள் சாப்பிட்டாள்.

இரண்டு மாதம் கழித்து, வாசல்படிக்குக் கல் தேடி வந்த ஒருவருக்கு அந்தப் பலகை பிடித்துப்போனது.

“வேலைப்பாடு நல்லாயிருக்கே. கையால செதுக்கினதா?”

“என் கைதாங்க” என்றார் அத்தான் நெஞ்சை நிமிர்த்தி. பிறகு அவள் பக்கம் திரும்பி, “நின்னுட்டிருக்கியே, ஒரு கை பிடி” என்றார்.

அவள் மறுமுனையைப் பிடித்துத் தூக்கி வண்டியில் ஏற்றினாள்.