கூண்டின் வாசல் எந்தப் பக்கம்

1

இந்தக் கதை என்னிடம் ஒரு விடுகதையாகத்தான் வந்தது. நான் பஸ் ஏறுவது முதல் நிறுத்தத்தில். கிளம்பும் நேரம் வரும்வரை வண்டியில் நானும் ஓட்டுநரும் மட்டும்தான் இருப்போம். ஒரு நாள் காலை ஓட்டுநர் அம்மா கையுறையைக் கழற்றி விரல்களை ஊதிக்கொண்டே திரும்பிப் பார்த்தார்.

"நீங்க கதை எழுதுறவங்கன்னு கண்டக்டர் சொன்னார். ஒண்ணு கேக்கறேன். நல்ல கூண்டு, உள்ள வெதுவெதுன்னு இருக்கு. நாய் அதுக்குள்ள போகாம வெளியில காத்துல படுத்துக் கிடக்கு. ஏன்?"

பயம், பழக்கம், உள்ளே எலி என்று எனக்குத் தோன்றியதையெல்லாம் சொன்னேன்.

"எழுதுறவங்க இப்படித்தான் போல" என்று சிரித்தார். பிறகு வந்த காலைகளில் கொஞ்சம் கொஞ்சமாக நடந்ததைச் சொன்னார். எழுதிக்கொள்ளவா என்று கேட்டேன். "எழுதுங்க. எங்க அக்காவை மட்டும் ரொம்ப நல்லவளா எழுதிடாதீங்க, அவளுக்குப் பிடிக்காது" என்றார்.

2

ஆரம்பங்கள்:

பனிக்காலம் அந்தத் தெருவுக்குள் ஒரு பழைய பகையாளியைப் போல—

(இல்லை. காற்றுக்கு யார் மேலும் பகை கிடையாது. இடுக்கு கிடைத்தால் நுழையும், அவ்வளவுதான்.)

மேனேஜர் காதைத் தூக்கிப் பார்த்தது. அதன் மனதில் அப்போது—

(இங்கே நிறுத்திவிட்டேன். அந்த நாயின் மனதில் என்ன ஓடியது என்று தெரிந்திருந்தால் விடுகதையே இல்லை.)

ஆகவே நேராகவே சொல்கிறேன். ஒரு ஓட்டுநர் இருந்தாள். (பஸ்ஸில் 'அவர்'. கதைக்குள் காலெடுத்து வைத்ததும் 'அவள்' ஆகிவிடுகிறார். மன்னிக்கட்டும்.) அவளும் அவள் அக்காவும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அக்காவுக்கு இழுப்பு, நாய் முடி ஒன்று மூக்கருகில் பறந்தால் போதும், அன்றைக்கு முழுக்க மூச்சு விசிலடிக்கும். ஒரு கூரியர் கம்பெனிக்கு வரும் புகார்களுக்கு வீட்டிலிருந்தே பதில் சொல்வது அவள் வேலை. "உங்க சிரமம் புரியுது சார், கொஞ்சம் லைன்ல இருங்க" என்று ஊரான் பிள்ளைகளையெல்லாம் தேனொழுகச் சமாதானப்படுத்துவாள். போனை வைத்த பிறகு தங்கையிடம் பேசுவது வேறு குரல்.

மேனேஜர் என்பது பஸ் டிப்போவில் வளர்ந்த நாய். உள்ளே வரும் ஒவ்வொரு வண்டியையும் எழுந்து போய் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் படுக்கும் என்பதால் அந்தப் பெயர். டிப்போவை இடித்துக் கட்டத் தொடங்கியதும் அதற்கு இடமில்லாமல் போயிற்று. ஓட்டுநர் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டாள்.

3

இந்த இடத்தில் முதல் வரைவில் அக்காவைக் கல்நெஞ்சக்காரியாக எழுதியிருந்தேன். 'அது இந்த வீட்டுல இருந்தா நான் இருக்க மாட்டேன்' என்று கத்துகிறாள், கதவு அறைந்து சாத்தப்படுகிறது. எழுதும்போது சுகமாக இருந்தது. மறுநாள் பஸ்ஸில் படித்துக் காட்டினேன்.

"அவ அப்படிச் சொல்லவே இல்ல" என்றார் ஓட்டுநர்.

"வேற என்ன சொன்னாங்க?"

"'எனக்கு மூச்சு வாங்குதுன்னு ஒரு ஜீவனை வெளியில போட்டுட்டு, நான் உள்ள ஹீட்டர் பக்கத்துல உக்காந்திருக்கணுமா? என்னால முடியாதுடி. வேற இடம் பாரு'ன்னா."

கல்நெஞ்சக்காரியை அடித்துவிட்டேன். அந்த இடத்தில் யாரை வைப்பதென்று இன்னும் சரியாகத் தெரியவில்லை.

ஒப்பந்தம் இப்படி ஆயிற்று: டிப்போ மெக்கானிக் அண்ணனுக்குச் சொந்தமாக ஒரு ஷெட் உண்டு, நான்கு பக்கமும் சுவர், உள்ளே அடுப்பு. குளிர் முற்றுவதற்குள் அவர் ஷெட்டைச் சரிசெய்துகொண்டு நாயை எடுத்துப்போவார். அதுவரை வெளியில் ஒரு கூண்டு.

4

கூண்டை அடித்துக் கொடுத்ததும் மெக்கானிக் அண்ணன்தான். பெட்டிப் பலகையில், தாராளமாக, கன்றுக்குட்டி படுக்கும் அளவுக்கு. வீட்டுக்கும் பக்கவாட்டு மதிலுக்கும் நடுவில் ஒரு சந்து. அங்கே வாசல் தெருக் கேட்டைப் பார்க்கும்படி வைத்தார்கள். அக்கா பக்க ஜன்னல் வழியாகத் தன் பழைய கம்பளியைத் தூக்கிப் போட்டாள். "தூக்கிப் போடத்தான் வெச்சிருந்தேன்" என்றாள், யாரும் கேட்காமலேயே.

மறுநாள் காலையில் தண்ணீர்க் கிண்ணம் உறைந்து கண்ணாடியாக இருந்தது. மேனேஜர் வாலுக்குள் மூக்கைச் செருகிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தது. கம்பளியைத் தொட்டால் ஈரம். ஓரமெல்லாம் அட்டையாக விறைத்திருந்தது.

ஓட்டுநருக்கு இரக்கத்தோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. இத்தனை பெரிய பெட்டிக்குள் குளிர் எங்கிருந்து வருகிறது? அன்று விடுமுறை. முழங்காலிட்டுத் தலையை விட்டு, தோளை விட்டு, இடுப்புவரை கூண்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். கால்கள் வெளியில்.

(பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து, "வீட்டுல ஏதாவது சண்டையாம்மா?" என்று கேட்டாராம். இதை நான் சேர்க்கவில்லை, ஓட்டுநரே சொன்னது.)

உள்ளே படுத்தபோது தெரிந்தது. தரை அடியிலிருந்து உறிஞ்சியது. காற்று கேட்டிலிருந்து சந்துக்குள் நுழைந்து நேராக முகத்தில் அறைந்தது. பெட்டி பெரிதாக இருந்ததால் தன் உடம்புச் சூடு எங்கே போகிறதென்றே தெரியவில்லை. கல்யாண மண்டபத்தில் ஒரே ஒரு மெழுகுவர்த்தி.

5

(கூண்டு கட்டும் முறை வேண்டாதவர்கள் ஆறாம் பகுதிக்குப் போகலாம். ஆனால் என்னைக் கதைக்குள் இழுத்ததே இந்தப் பகுதிதான்.)

கட்டைகள் கொடுத்துக் கூண்டைத் தரையிலிருந்து தூக்கினாள். உள்ளே பலகை வைத்து இடத்தைப் பாதியாகக் குறைத்தாள். நாய் ஒரு முறை சுற்றிப் படுக்க முடிந்தால் போதும். கம்பளிக்குப் பதில் வைக்கோல். துணி மூச்சின் ஈரத்தைக் குடித்துவிடும். வைக்கோல் ஈரத்தைக் கீழே விட்டுவிட்டுச் சூட்டை வைத்துக்கொள்ளும். கூரைக்குக் கீழே விரல் நுழையும் ஓட்டை, உள்ளே வேர்க்காமலிருக்க. வாசலுக்கு, பஸ் சக்கரத்துக்குப் பின்னால் சேறு தெறிக்காமல் தொங்குமே அந்த ரப்பரை, பட்டை பட்டையாகக் கிழித்துத் திரையாக ஆணியடித்தாள்.

கடைசியாகக் கூண்டையே திருப்பினாள். முதுகு கேட்டுக்கு, வாசல் பின்மதிலுக்கு. உள்ளே கையை விட்டாள். வெதுவெதுவென்று இருந்தது. அவளுக்கே போய்ப் படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மேனேஜர் போகவில்லை. ரொட்டியைக் காட்டினால் எட்டித் தின்றுவிட்டு வெளியே வந்தது. கூண்டைச் சுற்றிக்கொண்டு வந்து, காற்று அடிக்கும் பக்கத்திலேயே வயிறு தரையில் பட விழுந்தது. தள்ளினால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். இரண்டு நாள் இப்படியே. அதன் இருமல் வீட்டுக்குள் கேட்டது.

"கேட்டைப் பார்க்கணும் அதுக்கு. டிப்போ புத்தி" என்றாள் தங்கை.

அக்கா ஹெட்செட்டைக் கழுத்தில் இறக்கினாள். "உள்ள போனா செவுரைத்தான் பார்க்கணும். நீ போவியா?"

"அதான் சொல்றேனே, கேட்டு—"

"கேட்டை இல்லடி." கொஞ்சம் சங்கடப்பட்டாள். "இந்த ஜன்னலை. நான் போன்ல பேச ஆரம்பிச்சா எந்திரிச்சு வந்து பார்க்குது. நிறுத்தினா படுத்துக்குது. ரெண்டு நாளா நானும் கவனிக்கிறேன்."

6

கூண்டைத் தங்கை இன்னொரு கால்வட்டம் திருப்பினாள். இப்போது வாசல் வீட்டின் பக்க ஜன்னலைப் பார்த்தது. காற்று கூண்டின் பக்கவாட்டில் மோதியது. அதைத் தடுக்க ஓட்டுநர் தகரம் ஒன்றை நிறுத்திப் பார்த்தாள். காற்று அதன் மேல் ஏறிக் குதித்துக் கூரையில் விழுந்தது, பிறகு தகரத்தையே தூக்கிக்கொண்டு போனது. அப்புறம் இடைவெளி விட்ட பலகைகளை நட்டாள். அவை காற்றை மறிக்கவில்லை. சல்லடையில் விட்டதுபோல் சலித்து, வேகம் குறைத்து அனுப்பின.

மறுநாள் அவள் வேலை முடிந்து வந்தபோது அக்காவின் மேசை இடம் மாறியிருந்தது. ஹீட்டர் மூலையிலிருந்து ஜன்னலோரத்துக்கு.

"அங்க குளிருமே அக்கா."

"அந்த மூலையில வெளிச்சம் பத்தல."

ஜன்னலுக்கு வெளியே ரப்பர்ப் பட்டைகளுக்கு நடுவில் ஒரு மூக்கு தெரிந்தது. (இங்கே ஒரு கண்ணீர்த் துளி வைத்திருந்தேன். ஓட்டுநர் படித்துவிட்டு, "யாரு அழுதா?" என்று கேட்டார். எடுத்துவிட்டேன்.)

7

நல்லபடியாக இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் வரும் வாரம் இதைவிடக் கடுங்குளிர் என்று வானிலைச் செய்தி வந்தது. மெக்கானிக் அண்ணன் ஷெட்டை முடித்துவிட்டார். சொன்னபடி வேனோடு வந்து நின்றார். பின்கதவைத் திறந்தார், உள்ளே மெத்தை விரித்திருந்தது. நல்ல மனிதர். அவர் மேல் எந்தக் குறையும் எழுத எனக்கு வழியில்லை.

அக்கா வெளியே வந்தாள். அந்தக் குளிர்காலத்தில் முதல் தடவையாக. மூக்குவரை சால்வை, கையில் இன்ஹேலர்.

"கூண்டையும் ஏத்திடட்டுமாம்மா?" என்றார் மெக்கானிக்.

"கூண்டு இருக்கட்டும்."

"அப்ப நாய்?"

அக்கா தங்கையைப் பார்த்தாள், வேனைப் பார்த்தாள். சால்வைக்குள்ளிருந்து குரல் வந்தது. "அதையே கேளுங்க."

மெக்கானிக் அண்ணன் குந்தி உட்கார்ந்து சீழ்க்கை அடித்தார். மேனேஜர் பாதி உடம்பை வெளியே நீட்டியது. ரப்பர்ப் பட்டைகள் அதன் முதுகில் கிடந்தன. வேனைப் பார்த்தது. பிறகு ஜன்னலைப் பார்த்தது. ஜன்னலில் யாரும் இல்லை.

இதுவரை சொன்னபோது கண்டக்டர் மணியடித்துவிட்டார். "மீதி நாளைக்கு" என்று வண்டியைக் கிளப்பினார் ஓட்டுநர். மறுநாள் ஓட்டுநர் இருக்கையில் வேறொருவர் இருந்தார். அந்த அம்மாவுக்கு வேறு ரூட் மாற்றிவிட்டார்களாம்.

நானாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் நாய் வேனில் ஏறுகிறது. அடுப்பருகே நீட்டிப் படுக்கிறது. அக்காவின் மேசை ஹீட்டர் மூலைக்குத் திரும்புகிறது, மூச்சு சீராகிறது. இன்னொன்றில் அது கூண்டுக்குள் பின்வாங்குகிறது. கடுங்குளிர் வருகிறது, ஜன்னலோரத்தில் அக்காவின் இழுப்பு கூடுகிறது, அவள் மேசையை நகர்த்த மறுக்கிறாள். முதலாவதைப் படித்தால் இரண்டாவது சரியென்று படுகிறது. இரண்டாவதைப் படித்தால் முதலாவது. இரண்டையும் அடித்துவிட்டேன்.

அவர்களை அப்படியே விட்டிருக்கிறேன். வேன் கதவு திறந்திருக்கிறது, மெக்கானிக் அண்ணன் குந்தியிருக்கிறார், மேனேஜர் பாதி உள்ளே பாதி வெளியே. மீதியை நீங்கள்தான் எழுத வேண்டும். அக்காவால் அந்தக் காற்றில் அதிக நேரம் நிற்க முடியாது. சீக்கிரம் எழுதுங்கள்.